சர்ச்சுவிலிருந்து பாங் வரை: மணாலி–லே சைக்கிள் பயணத்தில் ஒரு நாள் எப்படிக் கழியும்?

மணாலியிலிருந்து லே வரை பன்னிரண்டு பேர் கொண்ட குழுவோடு சைக்கிளில் செல்லப் பதிவு செய்திருப்பதாகவும், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே வாரம் தவறாமல் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் ஒரு நாள் உண்மையில் எப்படிக் கழியும், இந்தப் பழக்கம் போதுமா, குழுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே நாளை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல முயல்கிறேன். அந்த நாள் வழியில் உள்ள சர்ச்சு என்ற முகாமிடத்தில் தொடங்கிப் பாங் என்ற முகாமிடத்தில் முடிகிறது. இந்தப் பாதையில் நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல்முறை உங்களைப் போலப் பதிவு செய்து சென்றேன். இரண்டாம் முறை குழுவின் கடைசி ஆளுக்கும் பின்னால் வரும் ‘ஸ்வீப்’ பொறுப்பை ஏற்றுச் சென்றேன். கடைசியில் வருபவருக்கே ஒவ்வொருவரும் எங்கே தளர்கிறார், எங்கே தேறுகிறார் என்பது தெரியும் என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டாம் பயணத்தில் கண்டது.

இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கால்களுக்கு இந்தப் பழக்கம் போதும், ஆனால் அந்த நாளின் போக்கைக் கால்கள் தீர்மானிப்பதில்லை. சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்று நீங்கள் கடக்கவிருக்கும் லாச்சுங் லா கணவாய் 5,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் கடற்கரையில் உள்ள அதே 21 சதவீதம்தான் என்றாலும், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே அதிகமாக இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரும் 22 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரும் அங்கே 6 கிலோமீட்டர் வேகத்தில் அருகருகே ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். வேகமாக ஓட்டிப் பழகியவர் தன் மூச்சை மதிக்காமல் முதல் ஒரு மணி நேரத்தில் முந்திச் சென்று, பிறகு சாலையோரத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அன்றைய நாள் முந்தைய இரவிலேயே தொடங்கிவிடுகிறது. சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்தவுடன் பலருக்கும் தூக்கத்தில் மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு ஆழமாக இழுத்துக்கொண்டு விழிப்பு வரும். முதன்முறை செல்பவர்கள் இதனால் மிகவும் பயந்துபோகிறார்கள். உயரத்துக்கு உடல் பழகும்போது உறக்கத்தில் மூச்சு இப்படி ஏறி இறங்குவது இயல்பானது. எழுந்து உட்கார்ந்து சில முறை மூச்சை இழுத்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளலாம். படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறல் தொடர்வதும், அதோடு இருமல் சேர்வதும் வேறு விஷயம். அது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், நேரம் எதுவானாலும் குழுத்தலைவரை எழுப்பிச் சொல்லிவிட வேண்டும்.

காலை ஐந்து மணிக்குச் சமையல்காரர் கூடாரத்துக்கு வெளியே தேநீர்க் குவளையோடு நிற்பார். தண்ணீர்ப் பையின் உறிஞ்சுகுழாயில் பனிக்கட்டி அடைத்திருக்கும். அதனால் ஒரு பாட்டிலை இரவு முழுவதும் உறங்குபைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. உடன் வரும் மெக்கானிக் ஒவ்வொரு சைக்கிளாகச் சென்று டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, முந்தைய நாள் நீரோடைகளைக் கடந்ததில் செயினில் ஒட்டிய மணலைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றுவார். செயினின் கரகரப்பு நின்றதும் அடுத்த சைக்கிளுக்கு நகர்வார். நீங்களும் அவர் பக்கத்தில் நின்று உங்கள் பிரேக் பட்டைகளின் தடிமனைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்று மாலை இருபது கிலோமீட்டருக்கும் மேலான இறக்கத்தில் அவற்றை நம்பித்தான் இறங்கப்போகிறீர்கள்.

காலை உணவு முடிந்ததும் குழுத்தலைவர் ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்விகள் கேட்பார்: தலைவலி இருக்கிறதா, குமட்டலோ பசியின்மையோ இருக்கிறதா, வழக்கத்துக்கு மாறான சோர்வு இருக்கிறதா, தலைசுற்றுகிறதா. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் பலருக்கும் 80 சதவீதத்துக்குச் சற்று மேலே காட்டும். அந்த உயரத்தில் அது வியப்பானதல்ல, குளிர்ந்த விரலில் அந்தக் கருவி குறைத்தும் காட்டும். எனவே எண்ணைவிட உங்கள் பதிலே முக்கியமானது. நாள் முழுவதிலும் இந்த ஐந்து நிமிடங்களைத்தான் நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். காரணம் அந்த நிலப்பரப்பிலேயே இருக்கிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கு முதன்மையான மருந்து கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவுக்கும் பாங்குக்கும் இடையில் நிற்பவர் நினைத்தவுடன் கீழே இறங்க முடியாது. தெற்கே திரும்பினால் ஏறத்தாழ 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா லாவைக் கடந்த பிறகே ஜிஸ்பாவின் தாழ்வான பள்ளத்தாக்கை அடைய முடியும்; வடக்கே சென்றால் லாச்சுங் லாவைக் கடந்து பாங்கை அடைய வேண்டும். அந்தப் பாங்கே சர்ச்சுவைவிட உயரமானது, அதற்கு அப்பால் 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லாங் லா காத்திருக்கிறது. இருபுறமும் உயரமான கதவுகள் கொண்ட அறைக்குள் நுழைவதைப் போன்ற அந்த நாளில், நுழைவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் சொல்லவில்லை. நல்ல உடற்கட்டு உள்ளவர், சமவெளியில் எங்கள் எல்லாரையும்விட வேகமாக ஓட்டுபவர். முந்தைய இரவிலிருந்து தலைவலி இருந்தும், தன்னால் மற்றவர்களுக்கு ஒரு நாள் வீணாகிவிடக் கூடாது என்று எண்ணி, ஒன்றுமில்லை என்று பதில் சொல்லிவிட்டார். முதல் இருபது கிலோமீட்டருக்கு மேல் முன்னணியில்தான் சென்றார். ஏற்றத்தில் எட்டாவது வளைவில் நான் அவரை நெருங்கியபோது, பெடலோடு பூட்டியிருந்த காலணியை விடுவிக்க முடியாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். காயமில்லை, ஆனால் முகம் வெளிறியிருந்தது. காலையில் தின்றதெல்லாம் வாந்தியாகிவிட்டது என்று அப்போதுதான் சொன்னார். குதிகாலை மறுகால் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னோம், தள்ளாடாமல் நடந்தார். தள்ளாடியிருந்தால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கிறது என்று கொண்டு, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆக்சிஜன் கொடுத்திருக்க வேண்டும். குழுத்தலைவர் அவரை ஜீப்பில் ஏற்றி ஜிஸ்பாவுக்கே திருப்பி அனுப்பினார். அன்று மாலையே தலைவலி தணிந்துவிட்டது. ஆனால் மீதி பதினொரு பேரும் ஆக்சிஜன் சிலிண்டர்களோடு வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று இல்லாமலே, நாளின் மிக உயரமான பகுதியைக் கடந்தோம். காலையில் சொல்லியிருந்தால் அவர் சர்ச்சுவில் ஒரு நாள் ஓய்வெடுத்து, பெரும்பாலும் மறுநாள் வண்டியில் வந்து எங்களோடு சேர்ந்திருக்கலாம். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குழுவுக்குச் சுமையாகக் கூடாது என்ற நல்லெண்ணமே அங்கே குழுவை ஆபத்தில் தள்ளுகிறது என்பதை நீங்கள் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சர்ச்சுவிலிருந்து புறப்பட்டதும் ஏறத்தாழ 24 கிலோமீட்டருக்குச் சாலை சாரப் ஆற்றை ஒட்டி அகன்ற பள்ளத்தாக்கில் செல்கிறது. பெரும்பாலும் சமதளம், சில இடங்களில் மெல்லிய இறக்கம். ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இங்கே செய்யக்கூடிய ஒரே தவறு வேகமாகச் செல்வதுதான்.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் காட்டா லூப்ஸ் தொடங்குகிறது. ஒரே மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த 21 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 10 கிலோமீட்டரில் உங்களை ஏறக்குறைய 460 மீட்டர் மேலே தூக்கிச் செல்கின்றன. கொல்லிமலையின் 70 வளைவுகளை ஏறி முடித்தவர்களுக்கு இந்த எண் சிறியதாகத் தோன்றலாம். சரிவும் செங்குத்தானதல்ல, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர்கூட ஏறாத சீரான சாலை, சரக்கு லாரிகளும் ராணுவ வாகன வரிசைகளும் ஏறுவதற்காகவே அப்படி அமைக்கப்பட்டது. ஆனாலும் இந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டோம், அதுதான் சரியான நேரம் என்றும் நினைக்கிறேன்.

இதை ஏறும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் வளைவுக்கு முன்பே மிக இலகுவான கியருக்கு மாறிவிடுங்கள். கால் கனத்த பிறகு மாற்றினால் செயின் பற்களில் சிக்கி நின்றுபோவது உண்டு. பக்கத்தில் வருபவரிடம் நான்கைந்து சொற்களை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைக்க இடமில்லையென்றால் நின்றுவிட வேண்டும். வளைவின் உட்பக்கம் செங்குத்தாக இருக்கும், எனவே மேலேயும் கீழேயும் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வெளிவிளிம்பை ஒட்டி அகலமாகத் திரும்புங்கள். இரண்டு வளைவுகளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் காலை ஊன்றி நின்று, இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது, ஐந்து வளைவுகளை ஒரே மூச்சில் ஏறிப் பத்து நிமிடம் உட்கார்வதைவிட நல்லது. நெடுநேரம் உட்கார்ந்தால் வியர்வை குளிர்ந்து உடல் விறைத்துவிடும். வளைவுகளுக்கு இடையே சரிவில் நேராக ஏறும் குறுக்குத் தடங்கள் தெரியும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அவற்றில் ஏறுபவர்களும் உண்டு, ஆனால் அந்த ஒவ்வொரு தடமும் மண்ணைச் சரியவைத்துக் கீழே உள்ள சாலையில் கற்களைக் கொண்டுவந்து போடுகிறது.

பசி அன்று உங்களிடம் வராது. உயரம் பசியைக் கொன்றுவிடும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து அரை மணிக்கு ஒருமுறை ஏதேனும் சிறிதளவு உண்ண வேண்டும். நான் எடுத்துச் சென்ற கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் விலை கூடிய சத்துக்கட்டிகளைவிட நன்றாகவே உதவின. பிறரும் கேட்டு வாங்கித் தின்றார்கள். நாள் முழுவதற்கும் நான்கு லிட்டர் தண்ணீராவது உள்ளே போக வேண்டும். மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அது சிறுநீரை அதிகப்படுத்தும், சிலருக்குச் சல்ஃபா ஒவ்வாமையும் இருக்கலாம் என்பதால், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டு, வீட்டிலேயே ஒருநாள் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வளைவுகளின் ஓரிடத்தில் சாலையோரத்தில் சிறிய கோயில் போன்ற ஒன்றும், அதைச் சுற்றிக் குன்றாகக் குவிந்த தண்ணீர்ப் பாட்டில்களும் இருக்கின்றன. பனிக்காலத் தொடக்கத்தில் பழுதாகி நின்ற லாரியில் தனியே விடப்பட்டு, தாகத்திலும் குளிரிலும் இறந்துபோன கிளீனர் ஒருவரின் ஆவிக்கு ஓட்டுநர்கள் தண்ணீர் படைக்கிறார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. பாட்டில்கள் வெயிலில் மங்கிப் பழுத்து, சிலவற்றில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது. எங்கள் லாரி ஓட்டுநர் இறங்கி, ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கைகூப்பிவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் வண்டியில் ஏறினார். அந்தச் சாலையில் உதவி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். நீங்கள் பாட்டிலோடு படைக்க வேண்டாம், பிளாஸ்டிக் அங்கேயே தங்கிவிடுகிறது. சிறிது தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகலாம்.

இருபத்தோராவது வளைவுக்குப் பிறகு ஏற்றம் முடிந்துவிட்டதாக எண்ணிப் பலர் மனம் தளர்த்திவிடுகிறார்கள். நக்கீ லா அதற்கும் அப்பால், ஏறத்தாழ 4,740 மீட்டரில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் இன்னொரு மேடு வரும். என் முதல் பயணத்தில் நான் மிகவும் சோர்ந்துபோன இடம் இதுதான், வளைவுகள் அல்ல. வளைவுகளில் எண்ணிக்கொண்டே ஏறலாம், இங்கே எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. கைகளில் பட்டுப்போன்ற புழுதியோடு, எல்லைச் சாலைகள் அமைப்புக்காக ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பீப்பாயில் தார் உருக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சில மணி நேரத்தில் கடந்துபோகும் அந்தக் காற்றில் அவர்கள் பருவம் முழுவதும் மண்வெட்டி பிடிக்கிறார்கள். புகைக்குள் வேகமாகப் புகுந்து மூச்சடைப்பதைவிட, இறங்கி நின்று அவர்களுக்கு வணக்கம் சொல்லி, காற்றின் திசை மாறியதும் கடந்து செல்லுங்கள்.

நக்கீ லாவிலிருந்து சற்று இறங்கினால் விஸ்கி நாலா என்ற இடம் வரும். பெயரில் உள்ள பானம் அங்கே வேண்டவே வேண்டாம். இந்த உயரத்தில் மது மூச்சை மேலும் மந்தமாக்கும். பருவகாலத்தில் மட்டும் போடப்படும், பாராசூட் துணியால் கூரை வேய்ந்த உணவுக்கூடாரங்களில் மேகியும் ராஜ்மா சாதமும் சூடான தேநீரும் கிடைக்கும். நாங்கள் ஒரு மணிக்கு அங்கே சேர்ந்தோம். குழுவின் முதல் ஆளும் கடைசி ஆளும் நாளில் ஒருமுறையாவது ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்பது எங்கள் தலைவரின் விதி. முன்னால் வந்தவர்கள் ஐம்பது நிமிடம் காத்திருந்தார்கள். கடைசியில் வந்தவர் முழுதாக உண்டு முடிக்கும்வரை யாரும் ஹெல்மெட்டை எடுக்கவில்லை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுவே பதில்: ஈடுகொடுக்க வேண்டிய வேகம் என்று ஒன்று நல்ல குழுவில் இருப்பதில்லை. அவரவர் மூச்சுக்கு ஏற்ப ஓட்டி, குறித்த இடங்களில் கூடுகிறார்கள், ஸ்வீப்புக்குப் பின்னால் ஒருவரும் இருப்பதில்லை. கடைசியில் வருபவர் வந்த உடனே கிளம்பிவிடும் குழுவில், ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகிறது. நீங்கள் பதிவு செய்திருக்கும் அமைப்பாளர்களிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். வண்டியில் ஏறிக்கொள்வதும் பயணத்தின் ஒரு பகுதிதான். எங்களோடு வந்தவர்களில் இருவர் அன்று லாச்சுங் லாவை ஜீப் இல்லாததால் சமையல் லாரியில் கடந்தார்கள், மறுநாள் முழுத் தொலைவையும் ஓட்டினார்கள்.

விஸ்கி நாலாவிலிருந்து லாச்சுங் லா வரை ஏற்றம் நீளமானதல்ல, ஆனால் பிற்பகல் காற்று எதிரே வீசத் தொடங்கியிருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் வேகமும் ஓட்டும் வேகமும் ஒன்றாகிவிட்டால் தள்ளுவதே மேல். உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும். அங்கே படம் எடுப்பதற்கு முன், வியர்வையில் நனைந்த உள்ளாடையின் மேல் காற்றுப்புகா மேலாடையையும் கனத்த கையுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தங்க வேண்டாம்.

அதன்பிறகு வரும் இறக்கத்தைப் பரிசாக நினைக்கிறார்கள், விபத்துகளுக்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம். களைத்த மூளையும் விறைத்த விரல்களும் உள்ளவர், திடீரென்று மணற்படுகையாக மாறும் சாலையில், பழுதுபார்ப்புக்காகத் தோண்டிய பகுதிகளில் இறங்குகிறார். முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் மணலில் முன்சக்கரம் வழுக்கிவிடும். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, அவ்வப்போது தளர்த்தித் தளர்த்திப் பிடிக்க வேண்டும், தொடர்ந்து அழுத்தியபடி இறங்கினால் பிரேக் டிஸ்க் சூடேறிப் பிடிமானம் குறையும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே நூறு மீட்டர் இடைவெளி வேண்டும், தலைவரை யாரும் முந்தக் கூடாது. கீழே போகப்போகப் பள்ளத்தாக்கு குறுகி, காற்றும் நீரும் அரித்துச் செதுக்கிய மண்தூண்களுக்கும் பாறைக் கோபுரங்களுக்கும் நடுவே சாலை செல்கிறது. மாலை வெயில் அவற்றின் மேல் விழும் அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் மறுபடியும் அந்தச் சாலைக்குப் போவேன். பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், ஓட்டிக்கொண்டே பார்க்காதீர்கள்.

ஐந்து மணியளவில் பாங். ராணுவ முகாமும் வரிசையாக உணவுக்கூடாரங்களும் உள்ள, சுமார் 4,600 மீட்டர் உயர இடம். தண்ணீர் அங்கே ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. கூடாரத்துக்குள் நுழையும்போதே விசில் சத்தம் கேட்கும். உலர்ந்த காலுறையை மாற்றிக்கொண்டு, சூப் குடித்து, அதே நான்கு கேள்விகளுக்கு மீண்டும் பதில் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

உங்கள் பயணத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். சர்ச்சுவுக்கு வரும் முன் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ குறைந்தது ஒரு கூடுதல் இரவு தரப்பட்டிருக்கிறதா, ஏறக்குறைய 75 முதல் 80 கிலோமீட்டர் வரும் இந்த ஒருநாள் தொலைவை விஸ்கி நாலாவில் தங்கி இரண்டாகப் பிரிக்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள். பிரிக்கும் குழுக்களும் உண்டு. ஆனால் விஸ்கி நாலாவில் உறங்குவது சர்ச்சுவைவிட உயரத்தில் உறங்குவது என்பதால், ஓய்வுநாள் இல்லாமல் பிரிப்பதால் பெரிய பயன் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால், ஜிஸ்பாவின் கூடுதல் இரவைக் கேட்டு வாங்குங்கள்.